சிங்க் அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள்

தங்கைக்குச் சிங்கப்பூரின் தெங்காவில் பிடிஓ வீட்டுச் சாவி (பதிவு செய்தபிறகு அரசு கட்டித்தரும் புது அடுக்குமாடி வீடு) கிடைத்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் நாற்பது படம் வந்து விழுந்தது. எல்லாம் ஓர் இன்டீரியர் டிசைன் நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து எடுத்தவை. வெள்ளை வெளேரென்று சமையலறை, வளைந்த சுவர், கூரையில் மறைவிளக்கு, மேசைமேல் ஒரே ஒரு பூச்சாடி. "அக்கா, இவங்களையே பிடிச்சிடலாமா?" என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதவில்லை. மறுநாள் அவளையும் மாப்பிள்ளையையும் செங்காங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வரச்சொல்லி, சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினேன்.

கதவின் கீழ் ஓரம் உப்பிப்போய், நகம் உள்ளே போகிற அளவுக்கு மேலே ஒட்டிய லேமினேட் தாள் பிரிந்து நிற்கிறது. உள்பலகை ஈரத்தில் ஊறி, விரலால் அழுத்தினால் தூள் தூளாக உதிர்கிறது. 2016ல் நாங்களும் இப்படித்தான் படங்களைப் பார்த்து ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். வேலை முடித்து ஒப்படைத்த அன்று அவர்கள் ஆள் கூட்டிவந்து இந்தச் சமையலறையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். படத்தில் இதே கதவு பளபளவென்று இருக்கும், ஏனென்றால் அன்றைக்கு இந்த வீட்டில் யாரும் ஒரு டம்ளர்கூடக் கழுவியிருக்கவில்லை!

இதைத்தான் தங்கையிடம் முதலில் சொன்னேன். நாம் பார்க்கிற படங்களில் பெரும்பாலானவை அரிசி மூட்டையும் கிரைண்டரும் செருப்பும் உள்ளே வருவதற்கு முன்னால் எடுத்தவை. அகலமாகக் காட்டும் லென்ஸில் எடுத்தால் மூவறை வீடுகூட மண்டபம் மாதிரி தெரியும். சில படங்கள் கட்டிய வீடே இல்லை, கணினியில் வரைந்த 3டி படம். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தப் படத்தை வைத்து அந்த ஆளின் கண்ணை எடைபோடலாமே தவிர, வேலையை எடைபோட முடியாது.

என் வீட்டில் சமையலறைச் சுவரை இடித்துத் திறந்தவெளியாக்கினார்கள், படத்தில் அப்படித்தான் இருந்தது. நான் என்ன சமைப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. தினமும் தாளிக்கிற வீடு, வாரம் இருமுறை மீன் குழம்பு, கருவாடு வறுத்தால் சோபா மூன்று நாளைக்கு மணக்கும். ஒரு வருஷத்தில் தனியாகச் செலவழித்துக் கண்ணாடித் தள்ளுகதவு போட்டோம். இட்லி மாவரைக்கிற கிரைண்டருக்கு இடமும் இல்லை, பக்கத்தில் பிளக் பாயின்ட்டும் இல்லை, இன்றுவரை துணி துவைக்கிற சர்வீஸ் யார்டில் தரையில் உட்கார்ந்துதான் அரைக்கிறேன்.

அதனால் இந்த முறை தங்கையோடு நானும் நான்கு டிசைனர்களைப் பார்க்கப் போனேன். எல்லோரிடமும் ஒரே கேள்வியை முதலில் போட்டோம்: "குளியலறை டைல்ஸை உடைத்து மாற்றலாமா?" வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் புதிய வீடுகளில், அந்த அடுக்குமாடி புளோக் கட்டி முடித்து மூன்று வருஷத்துக்குக் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை உடைக்கக் கூடாது, அடியில் இருக்கும் நீர்க்காப்பு கெட்டுவிடும் என்பதற்காக. இரண்டு பேர் உடனே சொல்லிவிட்டார்கள், மேலே வினைல் ஒட்டலாம், உடைக்க முடியாது என்று. ஒருவர் "பார்த்துக்கலாம்" என்றார். இன்னொருவர் தயங்காமல் "செய்துவிடலாம்" என்றார், கூடவே ஞாயிற்றுக்கிழமையும் ஆள் வைத்துச் சீக்கிரம் முடித்துத் தருவதாகவும் சொன்னார். ஞாயிறும் பொது விடுமுறையும் ரெனோவேஷன் வேலையே கூடாது. இடிப்பது, உடைப்பது மாதிரி சத்தமான வேலை வாரநாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைக்கும்தான். இது தெரியாமல் ஒருவர் இந்தத் தொழிலில் இருக்க முடியாது, தெரிந்தே சொல்கிறார் என்றால் நாளைக்கு வீவக கேள்வி கேட்கும்போது பதில் சொல்வது நாம்தான். "பார்த்துக்கலாம்" என்றவரையும் இவரையும் அப்போதே விட்டுவிட்டோம்.

மீதி இருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டோம்: நீங்கள் மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு வீட்டைக் காட்டுங்கள், ஆள் குடியிருக்கிற வீடு. ஒருவர் ஷோரூமுக்கு வாருங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பொங்கோலில் ஒரு சீனக் குடும்பத்திடம் கேட்டு நேரம் வாங்கித் தந்தார். அந்த வீட்டு அம்மா எங்களை உட்காரக்கூட விடவில்லை, நேராகச் சமையலறைக்கு இழுத்துப்போய் ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து காட்டினார். நான் குனிந்து சிங்க் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். காய்ந்த பலகை, ஓரம் அப்படியே ஒட்டியிருந்தது. படுக்கையறையில் ஒரு கதவு மட்டும் சரியாக மூடுவதில்லை, கூப்பிட்டால் வந்து சரிசெய்கிறார்கள் என்றார். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை நாற்பது படத்தைவிடப் பெரிது.

அப்புறம் குவோட்டேஷன், வேலைக்கு அவர்கள் எழுதித்தரும் விலைப்பட்டியல். "கிச்சன் கேபினெட், லம்ப் சம்" என்று மொத்தத் தொகையாக ஒரே வரியில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை அடி நீளம், உள்பலகை பிளைவுட்டா சிப்போர்டா, கீல் எந்த பிராண்ட், மின்வேலையில் எத்தனை பாயின்ட், இடித்த குப்பையை அகற்றும் செலவு சேர்ந்ததா, எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். என் வீட்டில் மலிவாகத் தெரிந்த குவோட்டேஷன் வேலை நடக்க நடக்க ஏறியதற்கு இந்த ஒற்றை வரிகள்தான் காரணம். 3டி படத்தோடு அளவு போட்ட வரைபடமும் கேளுங்கள், தச்சர் அதைப் பார்த்துத்தான் அறுப்பார்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் (காண்டிராக்டர்) வீவக பட்டியலில் இருக்கிறாரா என்று வீவக இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம், பட்டியலில் இல்லாதவர் வீவக வீட்டில் ரெனோவேஷன் வேலை எடுக்கக் கூடாது. பயனீட்டாளர் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள நிறுவனம் என்றால் கடை மூடினாலும் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. நாங்கள் அப்போது இது எதையும் பார்க்காமல், ஓர் ஆணி அடிப்பதற்கு முன்னாலேயே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டோம், அதற்குப் பிறகு போன் எடுக்கவே ஆளில்லை. தங்கை கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கிறாள், கடைசித் தொகை குறைகளைச் சரிசெய்த பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறாள். தகராறு வந்தால், கேட்கிற தொகை 20,000 வெள்ளிக்குள் இருந்தால், வக்கீல் இல்லாமலே ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். ஆனால் அங்கேயும் எழுத்தில் இருப்பதுதான் பேசும்.

அடுக்குமாடி இல்லாமல் தனியாகத் தரைவீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள ஆர்க்கிடெக்ட் வாரியத்தில் பதிவு வேண்டும், பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம். இன்டீரியர் டிசைனர் என்று போட்டுக்கொள்ள அப்படி எந்தப் பதிவும் கட்டாயமில்லை. அழகான பக்கம் ஒன்றைத் திறந்து யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

தங்கை கடைசியில் தேர்ந்தெடுத்தது பொங்கோல் வீட்டைக் காட்டிய அந்தச் சீன இளைஞரைத்தான். பூசை அலமாரி வேண்டும் என்றதும் அவர் படம் எதுவும் காட்டவில்லை. விளக்கு எவ்வளவு நேரம் எரியும், புகை எங்கே போகும், எத்தனை பேர் சேர்ந்து நின்று கும்பிடுவீர்கள், எண்ணெய் சிந்துமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, கை எந்த உயரம்வரை சிரமமில்லாமல் எட்டுகிறது என்று டேப் பிடித்து அளந்தார். விளக்குக்கு மேலே மரம் வராமல் கண்ணாடி, கீழே வெளியே இழுத்துத் துடைக்கிற மாதிரி ஒரு தட்டு என்று வரைந்துகொண்டு வந்தார். என் வீட்டுப் பூசை அலமாரியின் மேல்பலகை கருகிப்போய் இருப்பதை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

வருகிற திங்கட்கிழமை கார்பென்ட்ரி வருகிறது. கதவை மாட்டுவதற்கு முன்னால் உயரத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று, அம்மா தன் குத்துவிளக்கைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.