அரை மீட்டர் கேபிளும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

என் லேப்டாப்பில் எனக்கு எல்லாமே பிடிக்கும், கேம் மட்டும்தான் ஓடாது. 13 அங்குலத் திரை, 15 வாட் பிராசஸர். தனி கிராபிக்ஸ் சிப் கிடையாது, பிராசஸருக்குள் இருப்பதுதான். ஒரு ஓபன் வேர்ல்டு கேமை 720பி-யில் வைத்து, எல்லா செட்டிங்ஸையும் அடிமட்டத்துக்கு இறக்கியும் நொடிக்கு 24 ஃபிரேமைத் தாண்டவில்லை. வேலைக்கு இந்த லேப்டாப்தான் வேண்டும். இன்னொரு கம்ப்யூட்டர் வைக்கவும் விருப்பமில்லை. அதனால் வெளியிலிருந்து கிராபிக்ஸ் கார்டு மாட்டும் இஜிபியு வழியில் இறங்கினேன்: கார்டை ஒரு தனிப் பெட்டிக்குள் வைத்து, கேபிளால் லேப்டாப்போடு இணைப்பது.

முதலில் பார்க்க வேண்டியது போர்ட்டை. யுஎஸ்பி-சி வடிவத்தில் இருப்பதெல்லாம் இதற்கு உதவாது. அதே வடிவத்தில் வரும் அதிவேக இணைப்பான தண்டர்போல்ட் 3 அல்லது அதற்குப் பிந்தையது, இல்லையென்றால் பிசிஐ எக்ஸ்பிரஸைக் (கார்டும் பிராசஸரும் தரவு பரிமாறும் வழி) கடத்தக்கூடிய யுஎஸ்பி4 இருக்க வேண்டும். என் லேப்டாப்பில் போர்ட் பக்கத்தில் சின்ன மின்னல் குறி இருந்தது. குறியை மட்டும் நம்பாமல், மாடல் விவரத் தாளில் அந்தப் போர்ட்டுக்கு எத்தனை பிசிஐ பாதை கொடுத்திருக்கிறார்கள் என்றும் பார்த்தேன். சில மெல்லிய லேப்டாப்களில் தண்டர்போல்ட் 3 இருந்தாலும் நான்குக்குப் பதில் இரண்டு பாதைதான் இருக்கும். எனக்கு நான்கு இருந்தது.

கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி மெமரி உள்ளது. 170 வாட் இழுக்கும். பெட்டிக்குள் பவர் சப்ளை இருக்கிறது, அதே கேபிள் லேப்டாப்பையும் சார்ஜ் செய்துவிடும். வாங்குவதற்கு முன் பெட்டியின் உள்ளளவையும் கார்டின் நீளம், தடிமனையும் ஒப்பிட்டுக்கொண்டேன். இரண்டு ஃபேன் கார்டு சிரமமில்லாமல் உட்கார்ந்தது.

மாட்டினேன். பெட்டியில் விளக்கு எரிந்தது, லேப்டாப் சார்ஜ் ஆனது, ஆனால் டிவைஸ் மேனேஜரில் கார்டைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: தண்டர்போல்ட் வழியாக வரும் சாதனம் லேப்டாப்பின் மெமரியை நேரடியாகத் தொட முடியும் என்பதால், பாதுகாப்புக்காக நாம் அனுமதி கொடுக்கும் வரை அது நிறுத்திவைக்கப்படும். தண்டர்போல்ட் செயலியில் 'எப்போதும் இணை' என்று கொடுத்ததும் கார்டு வந்தது. வந்தது மஞ்சள் முக்கோணத்தோடு. பிழை எண் 12, அதாவது இந்தச் சாதனத்துக்கு ஒதுக்கப் போதுமான வளம் இல்லை. லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதிய பதிப்பைப் போட்டேன். பழைய டிரைவர் மிச்சங்களை டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு துடைத்துவிட்டுப் புதிதாக டிரைவர் நிறுவினேன். அடுத்த முறை ஆன் செய்தபோது முக்கோணம் இல்லை. அந்த இரவு கேம் ஓடியது: 1080பி, ஹை செட்டிங்ஸ், 30 சொச்சம் ஃபிரேம். மகிழ்ச்சிதான், ஆனால் இந்தக் கார்டுக்கு இது ரொம்பக் குறைவு.

இங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

முதல் தவறு கேபிள். பெட்டியோடு வந்தது அரை மீட்டர். பெட்டியை மேசைக்குக் கீழே வைக்க வேண்டும் என்பதற்காக நான் 2 மீட்டர் கேபிள் போட்டிருந்தேன். தண்டர்போல்ட் 3-இல் நீளமான சாதாரண கேபிள் நொடிக்கு 40 ஜிகாபிட்டைத் தாங்காது, 20-க்கு இறங்கிவிடும். நீளமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் சிக்னலைத் தூக்கிவிடும் ஆக்டிவ் கேபிள்தான் வாங்க வேண்டும். நான் அரை மீட்டருக்கே திரும்பி, பெட்டியை மேசை மேல் லேப்டாப்பை ஒட்டி வைத்துவிட்டேன். ஃபிரேம் 45-ஐத் தொட்டது.

அந்த 40 ஜிகாபிட்டும் கார்டுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. தண்டர்போல்ட் 3-இல் கார்டின் தரவுக்கு நடைமுறையில் கிடைப்பது சுமார் 22 ஜிகாபிட்தான். டெஸ்க்டாப்பில் இதே கார்டு 16 பாதைச் சாலையில் ஓடும், இங்கே அதற்கு ஒரு சந்து. இது தெரிந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் லேப்டாப் திரையிலேயே விளையாடிக்கொண்டிருந்தேன். கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் அதே கேபிள் வழியாக லேப்டாப்புக்குத் திரும்பி வர வேண்டும். 1080பி படம் ஒன்று சுமார் 8 எம்பி. நொடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 500 எம்பி, ஒவ்வொரு நொடியும்!

ஒரு மானிட்டரை எடுத்து, கார்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் நேரடியாகச் சொருகினேன். லேப்டாப்பில் அல்ல, கார்டில். விண்டோஸில் அதையே முதன்மைத் திரையாக்கினேன். அதே இடம், அதே செட்டிங்ஸ், 63 ஃபிரேம். இதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இஜிபியு வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தனி மானிட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம் இன்னொன்று கவனித்தேன். 1080பி-யிலிருந்து 1440பி-க்கு ஏற்றினால் ஃபிரேம் பாதியாகும் என்று நினைத்தேன், ஆனால் நான்கைந்துதான் குறைந்தது. கார்டில் இன்னும் தெம்பு மிச்சம் இருந்தது. திணறியது கேபிளும் என் 15 வாட் பிராசஸரும். ரெசல்யூஷன் ஏறினால் கூடும் வேலை பெரும்பாலும் கார்டுக்குள்ளேயே நடக்கிறது, கேபிளுக்குப் பெரிய சுமை இல்லை. அதனால் இஜிபியு-வில் படத்தை அழகாக்குவது எளிது, 144 ஃபிரேமைத் துரத்துவது கஷ்டம். வேகமே உயிரான போட்டி ஷூட்டர் கேம்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

கார்டில் 12 ஜிபி இருப்பதன் அருமையும் அப்போதுதான் தெரிந்தது. மெமரி போதாவிட்டால் மிச்ச டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) லேப்டாப்பின் ரேமில் உட்கார்ந்து, தேவைப்படும்போதெல்லாம் அந்தச் சந்து வழியாக வர வேண்டும். டெஸ்க்டாப்பில் லேசாகத் தெரியும் தடங்கல் இங்கே படம் நின்று நின்று ஓடும் அளவுக்குப் போகும். மெமரி குறைந்த வேகமான கார்டா, மெமரி அதிகமுள்ள சுமாரான கார்டா என்று வந்தால், இஜிபியு-வுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

பிராசஸரை ஒன்றும் செய்ய முடியாது, அதன் சுமையைத்தான் குறைக்கலாம். கேமில் தெருக்கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்தேன், ஃபிரேமை 60-இல் பூட்டினேன், காற்றுப் போக லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். ஒரு நல்லதும் நடந்தது: உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு இப்போது வேலை இல்லாததால், அந்த 15 வாட்டில் பெரும்பங்கு பிராசஸருக்கே போகிறது.

கேபிளை அப்படியே பிடுங்காதீர்கள். ஒருமுறை கேம் ஓடும்போது கை தட்டிக் கழன்று, நீலத் திரை வந்து, அன்றைய சேவ் போய்விட்டது. இப்போது விண்டோஸில் கார்டை முறையாக வெளியேற்றிவிட்டுத்தான் கழற்றுகிறேன்.

அடுத்து லேப்டாப் மாற்றும்போது ஆக்யுலிங்க் போர்ட் உள்ளதாகத் தேடுவேன். அதில் பிசிஐ 4.0-வின் நான்கு பாதைகள் நேரடியாக வெளியே வருகின்றன, சுமார் 64 ஜிகாபிட். சார்ஜ் ஆகாது, கேம் நடுவே கழற்றி மாட்டவும் வராது, ஆனால் சந்து அகலமாகும். பெட்டிதான் மாறும், இதே 3060 அங்கேயும் வேலை செய்யும்.