துணியில் மின் எடுக்க: வோல்ற்றை விட்டு யூலை அளவுங்கள்

இரண்டு பொலிமர்த் தாள்கள் தொட்டுப் பிரியும்போது உண்டாகும் மின்னேற்றத்தை வெளிச்சுற்றுக்கு எடுக்கலாம் என்று ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் சொங் லின் வாங் குழு 2012இல் காட்டியது. அதே வேலையைத் துணியில் செய்ய இப்போது எங்கட பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் 'நூறு வோல்ற்று வந்தது' என்று எழுதிய செயற்றிட்ட அறிக்கை எதையும் சொல்லாது. உள்தடை பல மெகா ஓம் என்பதால் வோல்ற்று ஏறினாலும் ஓட்டம் மிகச் சிறியது. எவ்வளவு சக்தி சேர்ந்தது என்பதை யூலில் சொன்னால்தான் பயன் தெரியும்.

வெள்ளி பூசிய கடத்தித் துணியில் 5 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றின் மேல் நைலோன் துணியைத் தையுங்கள். மற்றதின் இரு ஓரத்திலும் மாஸ்கிங் ரேப் ஒட்டி, நடுவில் குழாயில் வரும் சிலிக்கன் பசையை இட்டு, அடிமட்டத்தால் ஒரே இழுப்பில் வழியுங்கள். ரேப்பின் தடிப்பே பூச்சின் தடிப்பு. வினாகிரி மணக்கும் சிலிக்கன் உலோகத்தை அரிக்கும். மணமில்லாத வகையை வாங்குங்கள். ஒரு நாள் காயவிடுங்கள். மூலைகளில் 3 மி.மீ. ஸ்பொஞ்ச் வைத்து இரண்டையும் முகத்துக்கு முகம் பொருத்துங்கள். கடத்தித் துணி நைலோனில் நெய்ததென்றால் ஈயம் பற்றவைக்கப் போகாதீர்கள், உருகிவிடும். பிரஸ் பட்டன் அடித்து அதில் வயரைக் கொழுவுங்கள்.

அளவீட்டில்தான் பெரும்பாலும் பிழை. சாதாரண பல்மானியின் (மல்ரிமீற்றர்) உள்தடை 10 மெகா ஓம், அலைவுகாட்டிக்கு (ஒசிலோஸ்கோப்) 1 மெகா ஓம். நேரே கொழுவினால் கருவியே சுமையாகிவிடும். திரையில் அழகான சைன் அலை ஓடினால் அது பெரும்பாலும் சுவர் வயரிலிருந்து உடம்பு பிடித்த 50 ஹேட்ஸ் இரைச்சல். சிலிக்கனுக்குப் பதில் இன்னொரு நைலோன் வைத்துத் தட்டிப் பாருங்கள், ஒரே பொருள் இரண்டில் ஏற்றம் பெரிதாக வராது; அப்போதும் அதே அலை வந்தால் நீங்கள் அளப்பது துணியை அல்ல.

ஓட்டத்தை ஒரே திசையாக்க நான்கு இருவாயிகளால் (டயோட்) பாலம் கட்டி, துணியைத் தட்டித் தட்டி 1 மைக்குரோ பரட்டு பிலிம் கொள்ளளவியை (கப்பாசிற்றர்) ஏற்றுங்கள். மின்பகு கொள்ளளவி வேண்டாம், அதன் கசிவோட்டமே துணி தரும் ஓட்டத்தைத் தின்றுவிடும். சொட்கி இருவாயியும் அப்படித்தான், கசியும். பல்மானியை வைத்ததும் முதலில் காட்டும் பெறுமானத்தைக் குறியுங்கள். 10 செக்கனில் அது மூன்றிலொன்றுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு விழுந்துவிடும்.

கொள்ளளவி 5 வோல்ற்றுக்கு ஏறினால் சேர்ந்த சக்தி 12.5 மைக்குரோ யூல். 4000 மில்லி அம்பியர்-மணி போன் பற்றரியில் இருப்பது ஏறக்குறைய 55,000 யூல். அப்படி 440 கோடி தடவை ஏற்றவேண்டும்! ஆகவே போன் சார்ஜ் பண்ணும் சட்டை என்ற கதையை விடுங்கள். காலடியையோ மூச்சையோ உணரும் பட்டியாக இதே துணி உண்மையிலேயே பயன்படும். அங்கே மின் துடிப்பு வந்தாலே போதும்.

இனி எங்கட ஊர்ப் பிரச்சினை. 65 வீத ஈரப்பதனிலேயே நைலோன் தன் நிறையில் ஏறக்குறைய 4 வீதம் நீரை உறிஞ்சும், பருத்தி அதன் இரு மடங்கு. ஐப்பசி, கார்த்திகை மாரியில் மேற்பரப்பில் படியும் நீர்ப்படலம் வழியே ஏற்றம் ஓடிவிடும். பொலித்தீன் உறையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, சூட்டால் ஒட்டி மூடுங்கள். தைத்து மூடினால் ஊசித் துளையால் ஈரம் புகும். ஒவ்வொரு அளவீட்டுடனும் அன்றைய ஈரப்பதனைக் குறிக்காவிட்டால் பங்குனியில் எடுத்ததை மாரியில் எடுத்ததோடு ஒப்பிட முடியாது. துணியைக் கழுவும்போது சொவ்ற்னர் (துணியை மிருதுவாக்கும் திரவம்) ஊற்றவேண்டாம். நிலைமின்னைக் கொல்வதும் அதன் வேலைகளில் ஒன்று.