சேலம் வெயிலுக்கு யூக்கா சரிப்படுமா?

தாராளமா சரிப்படும்ங்க. மெக்சிகோ பக்கத்து செடி, வெயில்லாம் அதுக்கு பழக்கம் தான், மாடியில ரோஜா கருகுற ஏப்ரல்லயும் இது ஜம்முன்னு நிக்கும். செம்மண்ணோட ஆத்து மணல் நல்லா கலந்து, மேல் மண்ணு காஞ்சப்புறம் தண்ணி ஊத்துனா போதும், டெய்லி ஊத்துனீங்கன்னா வேர் அழுகிடும். ஏற்காட்டுல எங்க சித்தி வீட்ல மழையும் பனிமூட்டமும் ஜாஸ்தி, அதனால மண்ண மேடாக்கி தான் வெச்சிருக்காங்க.

பூ வெள்ளையா கொத்துக்கொத்தா வரும், ஆனா காய் பிடிக்கிறது அபூர்வம், ஏன்னா மகரந்தம் சேர்க்குறதுக்குன்னே அமெரிக்காவுல ஒரு அந்துப்பூச்சி இருக்கு, அது இங்க கிடையாது. விதைய நம்பாம தண்டை வெட்டி, வெட்டுன இடம் நிழல்ல காஞ்சதும் நட்டுடுங்க. சின்ன பசங்க ஓடுற வீடுன்னா இலை நுனி ஊசியா இருக்குற வகை மட்டும் வேணவே வேணாம், கண்ணு மட்டத்துக்கு வளந்துச்சுன்னா ஆபத்து.