நூறாம் பக்கத்தில் மனம் விட்டுப்போனால்

நிலத்தையும் மனிதர்களையும் எழுதிப் பெயர்பெற்ற ஒருவரிடமிருந்து, மந்திரமும் கற்பனை நாடும் கொண்ட மிகுபுனைவு நாவல் வருகிறது. நாகர்கோவிலில் பதிப்பகத்துக்காகக் கைப்பிரதி வாசித்து அறிக்கை தரும் வேலையில் இருப்பவர் ஆசையோடு திறப்பார். நூறாம் பக்கத்தில் மனம் விட்டுப்போகும். அந்த வருத்தம் ஆறுவதற்குள் அறிக்கை எழுத உட்காரக் கூடாது. பழைய நாவலுக்கான ஏக்கம் வேறு, இந்த நாவலின் குறை வேறு. நடுவிலிருந்து முப்பது பக்கங்களைப் பெயரில்லாமல் பிரதியெடுத்து, அந்த எழுத்தாளரை வாசித்திராத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவரும் அதே இடத்தில் சலித்தால் குறை பிரதியில்தான்.

முதலில் உடைவது மந்திரத்தின் விதி. ஒரு வணிகனைப் பழிவாங்கத் துரத்தும் பேய் கள்ளியங்காட்டு நீலி; அவள் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த ஊரில் இதை விளக்குவது எளிது. கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் சக்தி நீலிக்கு உண்டு. ஆனால் வணிகனிடம் ஆயுதம் இருக்கும்வரை அவளால் அவனைத் தொட முடியாது. அதனால்தான் மனைவியாக வேடம் போடுகிறாள், ஊராரிடம் அழுகிறாள், அவர்களைக் கொண்டே ஆயுதத்தை வாங்கிவைக்கச் செய்கிறாள். அந்த ஒரு தடையை எடுத்துவிட்டால் கதையே இல்லை. கைப்பிரதியிலோ, மந்திரம் சொன்னால் ஒருநாள் பார்வை போகும் என்று 80ஆம் பக்கத்தில் இருக்கும். 412இல் போர் மூண்டதும் ஆசிரியரே அதை மறந்திருப்பார். அதன்பின் யார் செத்தாலும் வாசகருக்குப் பதற்றம் வராது.

இரண்டாம் வாசிப்பில் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொண்டால் போதும்: பக்கம், சக்தி, அதற்கான விலை, விலை கொடுக்கப்பட்டதா. கடைசிக் கட்டம் தொடர்ந்து காலியாகத் தொடங்கும் பக்கத்தில்தான் நாவல் கைவிட்டுப் போயிருக்கும்.

தூரத்தையும் அதே நோட்டில் குறிக்கலாம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 20 கி.மீ.; சுமையோடு நடப்பவருக்கு ஒரு பகல் வேலை. அதைப்போல் பத்து மடங்கை ஒரு படை ஒரே இரவில் கடக்கக் கூடாது. மலைக்கணவாய் வந்தால் காற்றும் வர வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றை அறிந்த வாசகர், கணவாயில் தீப்பந்தம் அசையாமல் எரிவதை ஏற்கமாட்டார்.

எனக்கு மிகவும் வலிப்பது மொழி. குமரி மாவட்டத்தின் விளவங்கோட்டுப் பேச்சையும் தோவாளைப் பேச்சையும் அரை வரியில் பிரித்துக் காட்டத் தெரிந்தவர், கற்பனை நாடு என்றதும் அரசன், தோணிக்காரன், பூக்கட்டும் கிழவி எல்லோரையும் மேடைநாடக வசனம் பேசவைக்கிறார். அவரிடம் நாம் நேசித்த காது காணாமல் போகிறது. குமரித் தமிழை அப்படியே அங்கே கொண்டுபோனால் ஒட்டாது. அதற்காக வேறுபாட்டையே துறக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வினைமுடிவு, ஓர் உறவுச்சொல், ஒரு வசவு என்று மூன்றை முடிவுசெய்து கடைசிவரை காப்பாற்றினால், பெயர் சொல்லாமலே பேசுபவரின் ஊர் தெரியும். ஒரே ஆள் ஓர் அத்தியாயத்தில் 'அவன்', அடுத்ததில் 'அவர்' ஆவதையும் அப்போதே திருத்திவிடலாம்.

அறிக்கையில் "பழைய நாவல் மாதிரி இல்லை" என்ற வரி எதற்கும் உதவாது. "அண்ணாச்சி, 412ல இவனுக்குக் கண்ணு போயிருக்கணும்லா?" என்று கேட்டால் அவரே பிரதியைப் புரட்டத் தொடங்குவார். பக்க எண்ணோடு வரும் கேள்வி யாரையும் புண்படுத்துவதில்லை.

வெட்டுவதென்றால் ஃபாரக் கணக்கும் உண்டு; ஃபாரம் என்பது அச்சில் ஒரே தாளில் சேர்ந்து வரும் பக்கத் தொகுதி. 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் 640 பக்கத்துக்கு 40 ஃபாரம். ஐந்து பக்கம் குறைத்தால் கடைசியில் வெற்றுத்தாள்தான் மிஞ்சும். 48 பக்கம் குறைத்தால் மூன்று ஃபாரம் மிச்சம். முதலில் கைவைக்க வேண்டியது தொடக்கத்திலுள்ள அரச வம்சாவளி. அதில் கதைக்குத் தேவையான இரண்டு பெயர்களைப் பின்னால் தோணிக்காரன் பேச்சில் சேர்த்துவிடலாம்.