அண்ணா சாலைச் சுவரில் ஒரு கரகாட்டக்காரி

அப்பா ராயப்பேட்டையில் ஒரு கொட்டகையில் சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்தவர். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு பெரிய முகத்தைக் கட்டம் போட்டுப் பிரித்து, கன்னத்துக்கு ரோஸ், தாடைக்கு அடியில் நீலம் என்று ஏற்றிக்கொண்டே போவார். பிறகு பிளெக்ஸ் வந்தது. ஒரே இரவில் அச்சாகிவிடும் பேனர் இருக்கும்போது, கையால் வரையும் பேனருக்கு யார் நாள்கணக்கில் காத்திருப்பார்கள்? கடைப் பலகைகளும் ஆட்டோவுக்கு எண் எழுதும் வேலையும்தான் மிஞ்சின.

2009இல் சென்னை மாநகராட்சி, அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் பொதுச் சுவர்களில் இருந்த சுவரொட்டிகளைக் கிழித்துவிட்டுத் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளை வரைய முடிவு செய்தது. அந்த வேலைக்கு பேனர் ஓவியர்களைக் கூப்பிட்டார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்ற சட்டம் 1959 முதலே இருக்கிறது. சட்டத்துக்கு அடங்காத சுவரை ஓவியம் அடக்கும் என்று அன்று ஒருவருக்குத் தோன்றியதே, அவரை நான் இன்றும் மனத்தில் வாழ்த்துகிறேன்.

அப்பாவுக்குக் கிடைத்தது கரகாட்டம். மதியம் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவேன். சுவர் துணியைப் போல இல்லை, வண்ணத்தைக் குடிக்கிறது என்று முதல் நாள் கவலைப்பட்டார். மூன்றாம் நாள் கண் திறந்தார். முகத்தை முழுவதும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கருவிழியில் வெள்ளைப் புள்ளி வைப்பார். அதை வைத்ததும் சாரத்திலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தார். அந்தக் கரகாட்டக்காரிக்கு எண்பதுகளின் கதாநாயகி முகம். கன்னத்தில் அதே ரோஸ், கழுத்தில் அதே நீல நிழல். பேருந்து நிறுத்தத்தில் பூ விற்ற அம்மா, கரகத்தில் பூ குறைகிறது என்றார். அப்பா மறுபேச்சில்லாமல் இன்னும் ஒரு சரம் சேர்த்தார்.

ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டேன். பேனர் என்றால் கம்பெனி பெயர் போடுவோம், இது ஊர்ச் சுவர் அம்மா என்றார். எனக்கு அது இன்றுவரை உடன்பாடில்லை. ஊர்ச் சுவர் என்பதால்தான் பெயர் வேண்டும்.

2020இல் கண்ணகி நகரில் மாநகராட்சியின் துணையோடு ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டியபோது, அப்பாவை அழைத்துப் போனேன். நகரின் பல மூலைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட மக்களின் குடியிருப்பு அது. அந்தச் சுவர்களில் மாடி உயரத்துக்கு மனித முகங்கள். அப்பா வண்ணத்தைப் பார்க்கவில்லை, அளவைத்தான் பார்த்தார். நெற்றிக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை விரலால் காற்றில் அளந்து, கட்டம் சரியாக விழுந்திருக்கிறது என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

கலைக்கு உள்ளாட்சி செய்யும் உதவி என்றால் மேடை, மாலை, பொன்னாடை என்றுதான் பேசுகிறோம். அப்பாவுக்கு ஒரு சுவரும் நாள் கூலியும் கிடைத்தன. அந்த மாதங்களில் அவர் வீட்டில் பேசிய பேச்சே வேறு.

மேம்பாலத் தூண்களுக்கும் பள்ளிச் சுவர்களுக்கும் இப்போதும் ஓவியம் தீட்டுகிறார்கள். அந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பவர்கள் ராயப்பேட்டைப் பக்கம் ஒருமுறை விசாரிக்க வேண்டும். பழைய கைகள் இன்னும் சில இருக்கின்றன. அப்பாவால் சாரத்தில் ஏற முடியாது. கட்டம் போட்டுக் கொடுப்பார்.