வில்லன் பேரு அடங்கல்ல இருந்துச்சா?

நம்ம கடை தாலுக்கா ஆபீசுக்கு எதுத்த சந்துல இருக்கு. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன்ல பட்டா சிட்டா எடுத்துக் குடுக்குறது, மனு டைப் அடிக்கிறது, இதான் பொழப்பு. காலையில பதினோரு மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் மூச்சு விட முடியாது, அதுக்கப்பறம் ஈ ஓட்டணும். அந்த ஈ ஓட்டுற நேரத்துலதான் எனக்கு இந்த பழைய இங்கிலாந்து பைத்தியம் புடிச்சுது. ஆரம்பத்துல கம்ப்யூட்டர் கேம்தான், கோட்டை கட்டுறது, குதிரப்படைய அனுப்புறதுன்னு. அதுல வயல்ல வேல பாக்குற ஆளுங்க இருப்பாங்க, மவுஸ தட்டுனா ஓடிப்போயி அறுப்பாங்க, அவங்க நெஜத்துல யாருடான்னு தேட ஆரம்பிச்சேன், அதோட ராஜா கதையெல்லாம் போயே போச்சு.

அவங்க பேரு வில்லன்.

சத்தியமா. லத்தீன்ல வில்லான்னா பண்ணை, பண்ணையச் சேந்த குடியானவன் வில்லானஸ். அது பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்து, மேல உக்காந்திருக்குறவன் வாயில பொழங்கிப் பொழங்கி, மொதல்ல பட்டிக்காட்டான்னு ஆச்சு, அப்பறம் கீழ்ப்புத்திக்காரன், கடைசில கெட்டவன். நம்பியாரும் வீரப்பாவும் கண்ண உருட்டி உருட்டி வாங்குன பட்டம் ஏர் ஓட்டுனவன் பேரு.

இதப் படிச்சிட்டு நான் சிரிச்சிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு வெட்டி ஞாபகம் வந்துச்சு. சோழர் கல்வெட்டுல வெட்டின்னா கூலி இல்லாம செய்ய வேண்டிய கட்டாய வேல. வாய்க்கா வெட்டணும், கரை போடணும், வரி மாதிரி ஒடம்பால குடுக்கணும். இன்னிக்கு வெட்டிப்பயன்னா வேலையே செய்யாதவன்! முதுகு ஒடிய சும்மா ஒழைச்சவன் பேர எடுத்து சும்மா இருக்குறவனுக்கு வச்சுட்டோம். வெள்ளக்காரன மட்டும் சொல்ல என்ன இருக்கு.

சரி விஷயத்துக்கு வர்றேன். 1066ல நார்மண்டிலேர்ந்து வில்லியம் படையோட கடல் தாண்டி வந்து ஹேஸ்டிங்ஸ்ல ஜெயிச்சு இங்கிலாந்து ராஜாவாயிடுறாரு. 1085 கிறிஸ்மஸுக்கு க்ளூஸ்டர்ல உக்காந்து பேசி முடிவு பண்ணி, நாடு முழுக்க கணக்கெடுக்கச் சொல்றாரு. யார் கையில நெலம் இருக்கு, எனக்கு முன்னாடி யார் வச்சிருந்தா, எத்தன ஏர், எத்தன மில்லு, மீன் புடிக்கிற எடம் உண்டா, அப்ப என்ன மதிப்பு இப்ப என்ன மதிப்பு. அதான் டூம்ஸ்டே புக். 13,000 ஊருக்கு மேல அதுல இருக்கு, ஆட்டுத்தோல்ல லத்தீன்ல எழுதுனது, இன்னும் லண்டன் பக்கம் கியூங்கிற எடத்துல பத்திரமா வச்சிருக்காங்க. ஒரு எருது, ஒரு பசு, ஒரு பன்னிய கூட விடலையே, சொல்லவே வெக்கமா இருக்குன்னு அந்தக் காலத்து சாமியார் ஒருத்தர் பொலம்பி எழுதி வச்சிருக்காரு. டூம்ஸ்டேன்னா கடைசித் தீர்ப்பு நாள், அதுல எழுதுனா எழுதுனதுதான், அப்பீல் கெடையாது, அதனால சனங்க வச்ச பேரு.

கணக்கெடுத்த வருஷம் 1086. இங்க முதலாம் குலோத்துங்கன் நெலம் அளந்த வருஷமும் 1086! அதுக்கு முன்னாடியே ராஜராஜன் 1001 வாக்குல அளந்தாச்சு, அளந்த அதிகாரிக்கு உலகளந்தான்னே பட்டம். நாங்க இன்னும் மா கணக்குதான் பேசுறோம், மூணு மா ஒரு ஏக்கர், இருவது மா ஒரு வேலி. அங்க ஒரு ஏருக்கு எட்டு மாடுன்னு கணக்கு. எட்டு மாடு! நம்ம சேத்துல எறக்குனா வரப்பு மிஞ்சாது.

எனக்கு உறுத்துனது வேற. ஊருக்கு ஆறு வில்லன கூட்டி வச்சு சத்தியம் வாங்கி விவரம் கேக்குறாங்க, ஆனா எழுதும்போது அவங்க பேரு இல்ல. பிரபு பேரு இருக்கு, மடத்து பேரு இருக்கு, கீழ வில்லன் இத்தன பேரு, அடிமை இத்தன பேரு, அவ்ளோதான். மாட்டக் கணக்கெடுத்த மாதிரியே மனுசனையும். அந்தப் புஸ்தகத்துல பத்துல ஒருத்தன் அடிமை.

நம்மூர்ல அப்படி இல்ல, பெரிய கோயில் சுவத்துல கோயில்ல ஆடுன 400 தளிச்சேரிப் பெண்கள் பேரு, எந்தக் கோயில்லேர்ந்து வந்தாங்க, தெருவுல எந்தச் சிறகுல, அதாவது எந்த வரிசையில, எத்தனாவது வீடுன்னு இருக்குன்னு யாராவது கெளம்பி வருவாங்க. இருக்கு, நானும் பாத்துருக்கேன். அதே சுவத்துல ஊர் நெலத்துக்கு வரி போடும்போது கழிச்ச எடத்துப் பட்டியலும் இருக்கு, குளம், வாய்க்கா, சுடுகாடு, பறைச்சேரின்னு. சேரி வரி இல்லாத எடமா வருது, அங்க இருந்தவன் பேரு வரல. எங்க அப்பாயி பொறந்தது பண்ணையாள் வீட்டுல, அதனால எனக்கு இது கண்ணுல படாம இருக்காது.

அப்பாயிக்கிட்ட ஒருநா ராத்திரி இதெல்லாம் சொன்னேன், கரண்டு இல்ல, திண்ணையில உக்காந்திருந்துச்சு. வில்லன் வாரத்துல ரெண்டு மூணு நாளு பிரபு நெலத்துல சும்மா வேல பாக்கணும், அறுப்புன்னா கூடுதலா போவணும், ஊர விட்டுப் போவக் கூடாது, மாவு அரைக்கக் கூட பிரபு மில்லுக்குதான் போவணும், பொண்ணக் கட்டிக் குடுக்கணும்னா பிரபுவுக்கு காசு கட்டணும்னேன். "எங்கம்மா கல்யாணத்துக்கும் பண்ணையில கேட்டுட்டுதான் நாளு குறிச்சாங்க, இதுல என்ன அதிசயம்"னுச்சு. வில்லன் செத்துட்டா வீட்டுல இருக்குற நல்ல மாடா பாத்து பிரபு ஓட்டிட்டுப் போயிருவான் அப்பாயின்னேன். அது கொஞ்ச நேரம் பேசல.

"அவுங்களுக்கு மாடு இருந்துச்சா?"

எனக்கு பதில் வரல. நான் படிச்சதுல எதுவும் எனக்கு இப்படி ஒறைக்கல.

அப்பறம் 1348ல கொள்ளை நோய் வந்து மூணுல ஒரு பங்குக்கு மேலயே சனம் செத்துப் போவுது. வேலைக்கு ஆளு இல்ல, கூலி ஏறுது. ஒடனே 1351ல சட்டம், பழைய கூலிக்குதான் வரணும், கூடக் கேட்டா தண்டனைன்னு. நடவுக்கு ஆள் கெடைக்காம பொலம்புற நம்ம மிராசுங்கள அப்பிடியே அந்தச் சட்டம் போட்ட சபையில உக்கார வச்சுப் பாத்தேன், பொருத்தமாதான் இருந்துச்சு.

இதுக்கப்பறம் நடந்ததுதான் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனா என்ன நிமிந்து உக்கார வச்சுது. 1377ல தெற்கு இங்கிலாந்துல 40 ஊருக்குக் கொறையாம வில்லனுங்க சேந்து காசு போட்டு, டூம்ஸ்டே புக்லேர்ந்து எங்க ஊர் பக்கத்துக்கு சர்டிஃபைடு காப்பி குடுன்னு கேட்டு வாங்குறாங்க! வரி புடுங்க ராஜா எழுதுன 290 வருஷத்துக்கு முந்தின கணக்கு. இந்த ஊரு ஒரு காலத்துல நேரா ராஜா நெலம், அதனால இந்தப் பிரபுவுக்கு நாங்க வெட்டி வேல செய்ய வேண்டியதில்லன்னு அவங்க வாதம். காப்பிய காட்டிட்டு வேலைய நிறுத்திட்டாங்க. பார்லிமெண்ட்ல பிரபுங்க அலறுனாங்க, அந்தக் காப்பி செல்லாதுன்னு முடிவாயிருச்சு.

நாலு வருஷம் கழிச்சு, 1381ல, காப்பி கேக்கல. தலைக்கட்டு வரி மேல வரி போட்டதுல கெளம்பி, பல ஊர்ல பிரபு நடத்துன பண்ணைக் கோர்ட்டு ரெக்கார்ட தேடிப் போயி கொளுத்துனாங்க. வாட் டைலர் தலைமையில லண்டனுக்குள்ள போறாங்க, பதினாலு வயசு ராஜா ரெண்டாம் ரிச்சர்டு மைல் எண்ட்ல வந்து இனிமே அடிமைத்தனம் இல்லன்னு எழுதிக் குடுக்குறாரு, மறுநாள் ஸ்மித்ஃபீல்டுல வாட் டைலர வெட்டிட்டாங்க, எழுதிக் குடுத்ததையும் ரத்து பண்ணிட்டாங்க.

ஆனா ஆளு பஞ்சம் தீரல. போவப் போவ வெட்டி வேலைக்குப் பதிலா வாடகைன்னு ஆச்சு, வில்லன் வச்சிருந்த நெலத்த பண்ணைக் கோர்ட்டு ரெக்கார்டுல பதிஞ்சு, அதோட நகல் ஒண்ண அவன் கையில குடுத்தாங்க. அந்த உரிமைக்கே பேரு காப்பிஹோல்டு. காப்பி வச்சிருக்குறவன்! 1926 வரைக்கும் இங்கிலாந்து சட்டத்துல இது இருந்துருக்கு. நான் ரெண்டு ரூவாய்க்கு எடுத்துக் குடுக்குற காப்பி!

குஷியா போயி அப்பாயிக்கிட்ட சொன்னேன். மொறத்துல உளுந்து பொடச்சிக்கிட்டு இருந்துச்சு.

"காப்பி வாங்குனவனுக்கு நெலம் சொந்தமாச்சா?"

"இல்ல அப்பாயி, அனுபவிக்கலாம், பிரபுவுக்கு வாடக கட்டணும்."

"அப்ப குத்தக சீட்டு. ஒங்க தாத்தாளுது டிரங்குப் பொட்டில கெடக்கு, செல்லு அரிச்சுருச்சு, நாளைக்கி எடுத்துட்டுப் போயி ஒண்ணு அடிச்சுட்டு வா."