வேனில் மைக்ரோவேவ் வேண்டுமா? பினாங்கு வரை போய்ப் பார்த்த கதை

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய டொயோட்டா ஹையேஸ் வேன் ஏழு மாதமாக நிற்கிறது. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே ஏறிவிட்டன. அடுப்பு மேடைக்கு மேலே ஓர் இடம் மட்டும் காலி. அதில் மைக்ரோவேவ் வைப்பதா, அலமாரி அடிப்பதா என்ற வழக்கில் வேலை அப்படியே நின்றுபோனது.

அவருக்கு மைக்ரோவேவ் வேண்டும். வீட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் அதன் பொத்தானை அழுத்துவது. எனக்கு வேண்டாம். வேனுக்கு மரவேலை, வயரிங் எல்லாம் பார்ப்பது என் தம்பி, வயர்மேன். அவன் யார் பக்கமும் சாயவில்லை. "அக்கா, மைக்ரோவேவ் இருக்கிற வேன் ஒண்ணை வாடகைக்கு எடுத்து நாலு நாள் இருந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க, நான் ஆணி அடிக்கிறேன்" என்றான். மாமியார் ரொம்ப நாளாகத் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, பினாங்கு.

வாடகை வேன் எங்களுடையதைவிடப் புதிது. மைக்ரோவேவ் இருபது லிட்டர். கதவில் 700 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்த 700 பற்றிப் பிறகு சொல்கிறேன். நெடுஞ்சாலை முழுக்க இவர் மைக்ரோவேவ் புராணம்தான். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோவேவ் ஆறடி உயரமாம், ஏறக்குறைய 340 கிலோவாம். "இப்ப பாரு, பத்து கிலோதான்" என்றார். "அப்ப அந்தப் பத்தையும் இறக்கிடலாமே" என்றேன். பின்னால் மாமியார் சிரித்தது கேட்டது.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் வந்ததும் ஃபெர்ரியில் போகலாம் என்றார் மாமியார். கல்யாணமான புதிதில் மாமாவோடு காரோடு ஏறிப் போனாராம். இப்போது ஃபெர்ரியில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். 2021 முதல் கார் ஏற்றுவதில்லை. பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தில் போனோம். பாலம் முடியும்வரை மாமியார் பேசவில்லை.

முதல் ராத்திரி தெலுக் பாஹாங்கில். மீனவர் குடியிருப்புக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் வேனை நிறுத்த இடம் கிடைத்தது. மின்சாரம் கேட்கக் கூச்சமாக இருந்தது. பேட்டரிதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். வரும் வழியில் ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் மூன்று பொட்டலம் கட்டிக்கொண்டோம். கண்டார் என்றால் தோளில் போடும் காவுதடி. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தூக்கி நடந்து, துறைமுகத்து ஆட்களுக்கு விற்றது. வேனில் அடுப்பு எங்கே, அலமாரி எங்கே என்று ஏழு மாதமாகச் சண்டை போடும் நாங்கள் அந்தத் தடியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்பது மணிக்குக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி உள்ளே வைத்து, இவர் பெருமையாகப் பொத்தானை அழுத்தினார். விளக்கு மங்கியது. பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் கீக்கீக் என்று கத்தியது. இருபது வினாடியில் எல்லாம் அணைந்து, வேன் இருட்டாகிவிட்டது. குழம்பு போட்ட சூட்டிலேயே இருந்தது. பாதி சக்தியில் வைத்துப் பார்க்கலாம் என்று மறுபடி முயன்றார். அதே கூத்து.

தம்பியை அழைத்தேன். "அக்கா, முன்னால இருக்கிற 700 சாப்பாட்டுக்குள்ள போற கணக்கு. பெட்டி இழுக்கிறது எவ்வளவுன்னு பின்னால தகட்டுல இருக்கும்." டார்ச் அடித்துப் பார்த்தோம். 1100. இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பத்து சதவீதம் விழுங்கும் என்றால் பேட்டரி 1200 வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். வீட்டுச் சுவரில் இது ஐந்து ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரியில் நூறு. அதற்கு விரல் தடிமனில் வயர் வேண்டும். இந்த வேனில் இருந்தது பென்சில் அளவுகூட இல்லை. நூறு ஆம்பியரை இழுத்ததும் வோல்ட் சரிந்து, இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது.

பாதி சக்தியும் உதவாது. சாதாரண மைக்ரோவேவில் பாதி என்றால் கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்ச நேரம் சும்மா. இழுக்கும்போது முழுசாகத்தான் இழுக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஐந்து நிமிடம் ஓடினால் செலவாவது எட்டு ஒன்பது ஆம்பியர் மணிதான். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் குடிப்பதைவிடக் குறைவு. குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது, வாய்தான் சின்னது. லித்தியம் பேட்டரி, 2000 வாட் பியூர் சைன் இன்வெர்ட்டர், தடித்த வயர் எல்லாம் போட்டால் சரியாகிவிடும் என்றான் தம்பி. எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் என்றான். நாசி கண்டார் ஆறியே ருசியாக இருந்தது.

மறுநாள் மலைப்பாதையில் பாலிக் புலாவ். தீத்தி கெராவாங் அருவி தாண்டும்வரை வளைவுக்கு வளைவு. நாலாவது வளைவில் பின்னால் கண்ணாடி உருளும் சத்தம். மைக்ரோவேவுக்குள் சுழலும் தட்டை எடுத்துத் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நல்லவேளை உடையவில்லை. மாமியார் மீதி வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், பூஜைத் தட்டு மாதிரி.

பாலிக் புலாவில் ஒரு ஹோம்ஸ்டே முற்றத்தில் நின்றோம். அங்கே சுவரிலிருந்து மின்சாரம் கிடைத்தது. தம்பி முன்பே எச்சரித்திருந்தான்: எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக விடாதீர்கள், முழுசாகப் பிரித்துப் போடுங்கள், சுருளுக்குள் சூடு தங்கும் என்று. ஏர்கானும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடியபோது சுருளைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் வெதுவெதுப்பு. பிரித்துப் போட்டேன்.

அன்றுதான் நியாயமான சோதனை. நேற்றைய ஆட்டுக்குழம்பு, முழு மதிப்பெண். சோறு, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நன்றாக வந்தது. பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய் முதல் கடியில் மெத்தென்று இருந்தது, இரண்டு நிமிடத்தில் செருப்புத் தோல். பொரித்த கோழி வியர்த்துக் கிடந்தது. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தை இவர் பிரிக்காமல் அப்படியே வைக்க, பேப்பரில் அடித்திருந்த ஸ்டேப்பிள் ஊசி பளிச்சென்று பொறி தட்டியது. அணைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமியார் மட்டும் "இதைத்தான் நீ வீட்டுல தெனம் பண்றியா?" என்று மகனைக் கேட்டார்.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு மாமியாருக்கு முழங்கால் வலி. ஈரத்துண்டை ஒரு நிமிடம் மைக்ரோவேவில் வைத்து, கொஞ்சம் ஆறவிட்டு இவர் ஒத்தடம் கொடுத்தார். பால் சுட வைத்தார். அடுப்புப் பற்றவைக்காமல், கதவு திறக்காமல், கொசு விடாமல். கேஸ் அடுப்பாக இருந்தால் அந்த நேரத்தில் நான் கதவையெல்லாம் திறந்து வைத்திருக்க வேண்டும். மூடிய வேனுக்குள் கேஸ் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும். அந்த ஒரு ராத்திரிக்காக என் பக்கம் கொஞ்சம் ஆடியது உண்மை.

மூன்றாம் நாள் தண்ணீர்மலை. படிகளில் பாதிதான் ஏற முடிந்தது. மாமியார் அங்கேயே உட்கார்ந்து மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, முருகனுக்குத் தெரியும் என்றார். இறங்கி லிட்டில் இந்தியா வந்தோம். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பாத்திரக் கடை ஒன்றில் ஒரு சின்ன இட்லிப் பானை வாங்கினேன். இரண்டு தட்டு, எட்டு இட்லி. அன்று சாயங்காலம் வேனுக்கு வெளியே மேசை போட்டு, கேஸ் கேன் அடுப்பில் அதை ஏற்றினேன். காலையில் வாங்கி ஃபிரிட்ஜில் கல்லாகிக் கிடந்த இட்லி ஆவியில் ஆறு நிமிடத்தில் பஞ்சாக வந்தது. ரொட்டி சானாயைத் தோசைக்கல்லில் புரட்டினேன். இவர் நாலு இட்லி சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

நாலு நாளில் மைக்ரோவேவ் உண்மையாக வேலை செய்தது ஆறேழு முறை. எல்லாம் பாலிக் புலாவில். மற்ற நேரமெல்லாம் மாமியார் அதில் ரொட்டியும் பிஸ்கட்டும் வைத்துப் பூட்டியிருந்தார். தெலுக் பாஹாங்கில் விடிந்ததுமே குரங்கு ஒன்று ஜன்னல் வழியாகக் கைவிட்டு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. எறும்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஃபிரிட்ஜை விட்டால் இறுக மூடும் கதவு இருக்கும் ஒரே பெட்டி அதுதான். கடைசி வரை அவர் அதை ரொட்டிப் பெட்டி என்றுதான் சொன்னார்.

வீடு திரும்பியதும் தம்பியிடம் சொல்லிவிட்டேன்: அலமாரி அடி. எறும்பு நுழையாத கதவு, இட்லிப் பானைக்கு ஒரு தட்டு. மாமியார் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை. ராத்திரி படுக்கும் முன்பே வெந்நீர் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிவிடலாம். இவரும் சரி என்றார், ஆச்சரியமாக இருந்தது. ஒரே ஒரு வேண்டுகோளாம்: உள் அகலம் 50 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், உள்ளே 13 ஆம்பியர் பிளக் ஒன்று, முதுகில் காற்றுப் போக நாலு துளை.

"துளை எதுக்கு மச்சான், எறும்பு வருமே" என்று தம்பி கேட்டானாம். ரொட்டிக்குக் காற்று வேண்டும் என்றாராம்.